வாடகை வீட்டில் புகை: யாருக்கு என்ன உரிமை? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் வாடகை முற்பணம் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: சிகரெட் புகை. வீட்டுக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள், வாடகைக்கு இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் கோபம் இருக்கிறது, இரண்டு பக்கத்திலும் நியாயமும் இருக்கிறது. பெயர்களைத் தவிர்த்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் திருகோணமலையில் திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் 1974இலிருந்து வாடகைக்கு இருக்கிறோம். வாடகை அப்பாவின் பெயரில். அப்பாவுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது, சுருட்டுப் பிடிப்பார், விறாந்தையில் இருந்துதான் பிடிப்பார். பழைய வீட்டுக்காரர் இறந்து, அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார். "என்னுடைய வீட்டில் யாரும் புகைக்கக்கூடாது, நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் வீட்டை விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழும்பத்தான் வேண்டுமா?

இல்லை. அவர் சொன்ன காரணத்துக்காக ஒரு மாதத்தில் எழும்பத் தேவையில்லை.

நீங்கள் இருக்கும் வீடு, நீங்கள் சொல்லும் விபரங்களின்படி பார்த்தால், இலங்கையின் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வருகிற வீடு. அந்தச் சட்டம் வந்ததே, வீட்டுக்காரர் நினைத்தவுடன் வாடகையை ஏற்றுவதையும் நினைத்தவுடன் ஆட்களை எழுப்புவதையும் தடுக்கத்தான். அப்படியான வீட்டிலிருந்து ஒருவரை எழுப்ப வேண்டுமென்றால் வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், போனாலும் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். வாடகை நிலுவை, வீட்டுக்காரருக்கே குடியிருக்க நியாயமான தேவை, அயலில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லையாக நடந்துகொள்வது, வாடகைக்கு இருப்பவரின் செயலாலோ கவனயீனத்தாலோ வீடு பழுதாவது, வீட்டைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பாவித்துத் தண்டனை பெறுவது, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். "நான் புதிதாக ஒரு விதி போட்டேன், அவர்கள் கேட்கவில்லை" என்பது அதில் இல்லை. வீடு கை மாறியதால் உங்கள் அப்பாவின் வாடகை உரிமை அழிந்துபோகவும் இல்லை, மகன் தகப்பனின் இடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்களை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்று, அயலவருக்குத் தொல்லை. விறாந்தையில் பிடிக்கும் சுருட்டின் புகை பக்கத்து வீட்டு யன்னலுக்குள் நாள்தோறும் போய், அங்கே தொய்வுக்காரரோ கைக்குழந்தையோ இருந்து, அவர்கள் பலமுறை சொல்லியும் நீங்கள் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், வீட்டுக்காரரின் சட்டத்தரணி அதை எடுத்து வைப்பார். தீர்மானிப்பது நீதிபதி, ஒரு முதியவர் சொந்த விறாந்தையில் சுருட்டுப் பிடித்ததை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தை வீதிக்கு அனுப்புவது லேசான விஷயம் அல்ல, என்றாலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அப்பாவின் கதிரையை மாற்றிப் போடுவது எவ்வளவோ மேல். மற்றது, வீட்டுக்குப் பழுது. மரக் கதவு, யன்னல் பலகை, பழைய சீமெந்துத் தரை இவற்றில் நெருப்புத் தழும்புகள் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள், திருத்திய பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லாவற்றையும் விட முக்கியம். மகன் கோபத்தில் வாடகையை வாங்க மறுக்கலாம், பிறகு "மாதக்கணக்கில் வாடகை தரவில்லை" என்று அதையே வழக்காக்கலாம். இது நம் ஊரில் புதிய தந்திரம் இல்லை. வாங்க மறுத்தால் ஒரு மாதமும் தவறவிடாமல், வாடகைச் சட்டம் அனுமதிக்கிறபடி உங்கள் உள்ளூராட்சி மன்றத்தில் அதற்குரிய அலுவலரிடம் கட்டுங்கள். அப்படிக் கட்டினால் அது வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாதிரித்தான். சிட்டையை லமினேட் பண்ணாமல் கோவையில் போட்டு வையுங்கள், போட்டோக்கொப்பி ஒன்றும் வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கடிதங்களைப் படிக்கும்போது எனக்குப் புகையின் மேல் இருக்கிற கோபத்தை விட, புகையைச் சாட்டாக வைத்துப் பழைய குடிகளைக் கிளப்பப் பார்ப்பதன் மேல்தான் கோபம் வருகிறது. மகனுக்கு உண்மையில் புகைதான் பிரச்சினையென்றால் அவர் வந்து இருந்து பேசியிருப்பார். உவர்மலையிலும் டொக்யார்ட் வீதியிலும் நிலத்தின் விலை ஏறிக் கிடக்கிறது, குறைந்த வாடகைக்கு இருக்கும் பழைய குடும்பங்களை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும், இப்போது அது சுருட்டாக இருக்கிறது.

கேள்வி: உவர்மலையில் எங்கள் வீட்டின் மேல்மாடியை ஒரு தம்பிக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். நல்ல பிள்ளை, வாடகையும் நேரத்துக்குத் தருவார். ஆனால் இரவில் பல்கனியில் நின்று சிகரெட் பிடிக்கிறார், புகை கீழே அம்மாவின் அறை லூவருக்குள்ளால் வருகிறது. அம்மா தொய்வு வருத்தக்காரி, பம்ப் இல்லாமல் இருக்க மாட்டா. ஒப்பந்தத்தில் புகை பற்றி எதுவும் எழுதவில்லை. வீடு 2009இல் கட்டியது. அவரை எழுப்பலாமா? கரண்டை நிறுத்தினால் தானாகப் போய்விடுவார் என்று ஒருவர் சொல்கிறார்.

அக்கா, கரண்டில் மட்டும் கை வைக்காதீர்கள். தண்ணீரிலும் வேண்டாம், பூட்டையும் மாற்ற வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை நீங்களே கெடுத்துக்கொள்ளும் வழி அது. ஒருவரைப் பலவந்தமாக வீட்டிலிருந்து வெளியேற்றினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அவர் விண்ணப்பம் செய்யலாம், பொலிஸும் சமாதானக் குலைவு வரும் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை போடலாம். விண்ணப்பத்துக்கு முந்திய 2 மாதத்துக்குள் அவர் வெளியேற்றப்பட்டது உண்மையென்று கண்டால் நீதிபதி அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்வார். பிறகு உங்களுக்கும் அவருக்கும் முகம் பார்க்க முடியாது, ஆனால் ஒரே படியில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

1980க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகள் பொதுவாக அந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வராது. ஆகவே முதல் கேள்விக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பு உங்கள் மேல்மாடித் தம்பிக்கு இல்லை. உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதியிருந்தால்தான் சட்டத்தில் நிற்கும், இது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே வருகிற விதி. கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால், பெரும்பாலும் அது மாத வாடகையாகத்தான் கணக்காகும், ஒரு முழு மாத முன்னறிவித்தல் எழுத்தில் கொடுத்து வாடகையை முடிக்கலாம். நொத்தாரிசு எழுதிய ஒப்பந்தமென்றால் அதன் காலம் முடியும் வரை புதிய நிபந்தனையை நீங்கள் தனியாக நுழைக்க முடியாது, அவர் சம்மதித்தால் மட்டும் சேர்க்கலாம்.

ஆனால் இதெல்லாம் கடைசியில். நீங்களே நல்ல பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இப்படி வருத்தம் என்று அந்தத் தம்பிக்குத் தெரியுமா? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், நீங்கள் அவரிடம் சொன்னதாக ஒரு வரி கூட இல்லை. பகலில், அவர் வேலையால் வந்து ஒரு தேத்தண்ணி குடித்த பிறகு, "தம்பி, அம்மாவுக்கு இரவில் மூச்சு முட்டுது, புகை நேரே அவவின் யன்னலுக்குத்தான் வருது, கீழே கேற்றடியில் நின்று பிடிப்பீங்களா" என்று கேளுங்கள். முடிந்தால் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் இதற்கு மேல் இழுக்க மாட்டார்கள். இழுத்தால், தேதி, நேரம், அம்மாவுக்கு என்ன நடந்தது, டொக்டர் என்ன எழுதினார் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள், ஒரு கடிதம் பதிவுத்தபாலில் அனுப்புங்கள், பிறகு இணக்கசபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டத்தின் கீழ் நடக்கும் அந்தச் சபைகளில் சட்டத்தரணி வேண்டாம், இரண்டு பேரையும் இருத்திப் பேசவைத்து எழுத்தில் உடன்பாடு எடுத்துத் தருவார்கள். இந்த மாதிரி அயல் வீட்டுச் சச்சரவுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்த முறை வாடகைக்குக் கொடுக்கும்போது ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். "புகைக்கக்கூடாது" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் பிறகு பல்கனி வீட்டுக்குள்ளா வெளியா என்று வாதாட்டம் வரும். இப்படி எழுதலாம்: "வீட்டுக்குள்ளும் பல்கனியிலும் மாடிப்படியிலும் வாடகைக்கு இருப்பவரோ அவரிடம் வருபவர்களோ சிகரெட், பீடி, சுருட்டு எதையும் புகைப்பதில்லை. மீறினால் எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அதன் பிறகும் தொடர்ந்தால் ஒரு மாத முன்னறிவித்தலுடன் வீட்டை ஒப்படைக்க வேண்டும்." புகைக்காதவருக்குத்தான் கொடுப்பேன் என்று ஆரம்பத்திலேயே சொல்வதற்கும் உங்களுக்குத் தடையில்லை. வீடு பார்க்க வந்தவரிடம் நேராகக் கேட்டுவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

கேள்வி: பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொன்னால் வந்து பிடிக்க மாட்டாரா?

அவருடைய சொந்த வீட்டுக்குள் என்றால், மாட்டார். நீங்கள் சொல்வது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையை உருவாக்கிய சட்டம். மூடிய பொது இடங்கள், வேலைத்தளங்கள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரச அலுவலகம் போன்றவற்றைத்தான் அது பார்க்கிறது. தனியார் வீட்டுக்குள் அது போவதில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட் விற்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான், அதை ஞாபகம் வைத்திருங்கள், முடக்குக் கடையில் பிள்ளைகளிடம் கொடுத்து வாங்குவிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் நம் ஊரில் என்.சி. வீதி, மத்திய வீதிப் பக்கம் கீழே கடை, மேலே வீடு என்றுதானே நிறையக் கட்டடங்கள். கீழே இருப்பது வேலைத்தளம். கடைக்குள் இருந்து புகைத்து, அது மேலே உங்கள் வீட்டுக்கு வந்தால், அப்போது சட்டம் உங்களுக்கு உதவும். பீ.எச்.ஐ.யிடமும் சொல்லலாம், பொலிஸிலும் சொல்லலாம், அதிகாரசபையின் 1948 இலக்கத்துக்கும் அழைக்கலாம். புகைப்பவர் மட்டுமல்ல, தன் இடத்தில் புகைக்க விடுகிற முதலாளியும் பொறுப்பு.

கேள்வி: என் மகள் நியூயோர்க்கில் இருக்கிறாள். வாடகைக் கட்டுப்பாடு உள்ள கட்டடம், 11 வருடமாக அதே வீடு. இப்போது கட்டடக்காரர் "இனி இந்தக் கட்டடத்தில் யாரும் வீட்டுக்குள் புகைக்கக்கூடாது" என்று கடிதம் ஒட்டியிருக்கிறாராம். மருமகன் புகைப்பவர். எழுப்பிவிடுவார்களோ என்று மகள் அழுகிறாள். கைக்குழந்தையும் இருக்கிறது. (சிவபுரியிலிருந்து ஒரு தாய்)

அம்மா, முதலில் மகளுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள், அந்தக் கடிதத்தை வைத்து மட்டும் அவளை எழுப்ப முடியாது.

நியூயோர்க் நகரத்தில் 1974க்கு முன்னர் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் பல, வாடகை நிலைப்படுத்தல் என்ற முறைக்குள் வருகின்றன. சுமார் 10 லட்சம் வீடுகள் அப்படி இருக்கின்றன. அங்கே வாடகை எத்தனை வீதம் ஏறலாம் என்பதை ஒரு சபை ஆண்டுதோறும் தீர்மானிக்கும். ஒப்பந்தம் முடியும்போது ஒரு வருடத்துக்கா இரண்டு வருடத்துக்கா புதுப்பிப்பது என்று தெரிவு செய்வது வாடகைக்கு இருப்பவர், கட்டடக்காரர் பழைய நிபந்தனைகளிலேயே புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் புகைத்தடை இல்லையென்றால் புதுப்பிக்கும்போது அதைப் புகுத்த முடியாது.

அப்படியென்றால் கடிதம் ஏன் வந்தது? 2017ஆம் ஆண்டில் அந்த நகரம் 147ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள ஒவ்வொரு கட்டடமும், எங்கே புகைக்கலாம், எங்கே கூடாது என்று ஒரு கொள்கையை எழுதி எல்லாருக்கும் தெரியப்படுத்த வேண்டும். 2018 ஓகஸ்ட் 28 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கவனியுங்கள், தெரியப்படுத்தச் சொல்கிறதே தவிர, வீட்டுக்குள் தடை போட்டே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. தடை போட விரும்பும் கட்டடக்காரர் போடலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுக் குடிகளை, அவர்கள் தாங்களாக ஒப்புக்கொண்டால் ஒழிய, அது கட்டுப்படுத்தாது. புதிதாக வருகிறவர்களைக் கட்டுப்படுத்தும். ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: கடிதம் கிடைத்தது என்று கையெழுத்துப் போடுவது ஒன்று, நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது வேறு. எந்தத் தாளையும் முழுக்க வாசிக்காமல் தொட வேண்டாம்.

நம் ஊரில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதும் இதே நியாயம்தான். ஒருவர் ஒரு பேச்சை நம்பி வந்து குடியிருந்து, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, வருடக்கணக்கில் வாடகை கட்டிக்கொண்டு இருக்கும்போது, நடுவில் பேச்சை மாற்ற விடக்கூடாது. நான் புகைக்கு எதிரானவன், என்றாலும் இந்த நியாயத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் மருமகனுக்கு எல்லா இடமும் திறந்து கிடக்கவில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் மாடிப்படி, நடைபாதை, லிப்ட், வாசல் மண்டபம் எல்லாவற்றிலும் புகைப்பது அங்கே சட்டப்படி தடை. இன்னொன்றும் உண்டு. அயலவரின் வீட்டுக்குள் புகை தொடர்ந்து போனால் அவர் கட்டடக்காரருக்கு எதிராகப் போகலாம். வீடு மனிதர் குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் ஒரு சட்டப் பொறுப்பு கட்டடக்காரர் தலையில் இருக்கிறது, வாடகைக்கு இருப்பவர் அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதினாலும் செல்லாது. "பொய்க் எதிர் பிரையன்ட்" (Poyck v. Bryant) என்ற 2006ஆம் ஆண்டு வழக்கில், பக்கத்து வீட்டுப் புகை தாங்காமல் வெளியேறிய குடும்பத்திடம் வீட்டு உரிமையாளர் மிச்ச வாடகையைக் கேட்டபோது, அடுத்தவர் விடும் புகையும் அந்தப் பொறுப்பை மீறும் நிலைமையாகலாம் என்று மன்ஹாட்டனில் ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே பக்கத்து வீட்டார் முறைப்பாடு கொடுத்தால் கட்டடக்காரருக்கும் வேறு வழி இல்லாமல் போகும், தொல்லை என்று சொல்லி மருமகன் மேல் வழக்கு வைக்கலாம். அந்த வழக்கில் கட்டுப்பாட்டு வீடு என்பது முழுக் கேடயம் ஆகாது.

அரசாங்கமே கட்டி வாடகைக்குக் கொடுக்கும் வீடுகள் அமெரிக்காவில் தனிக் கதை. அங்கே மத்திய அரசின் விதிப்படி 2018 ஜூலை 31க்குள் எல்லா வீட்டுக்குள்ளும் புகை தடை செய்யப்பட்டது, கட்டடத்திலிருந்து 25 அடிக்குள்ளும் பிடிக்கக்கூடாது. மகள் இருப்பது தனியார் கட்டடம் என்பதால் இது அவளுக்கு இல்லை, ஆனால் யாராவது இதைக் காட்டிப் பயமுறுத்தினால் தெரிந்திருக்கட்டும்.

சட்டத்தை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கைக்குழந்தை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்காவின் தலைமை வைத்திய அதிகாரி 2006லேயே அறிக்கையில் சொல்லிவிட்டார். யன்னலைத் திறப்பது, பாத்ரூமில் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் பிடிப்பது, காற்றுச் சுத்தமாக்கும் மெஷின் வாங்கி வைப்பது, எதுவும் அதை முழுக்க எடுக்காது. சோபாவிலும் திரைச்சீலையிலும் தகப்பனின் சேர்ட்டிலும் அது படிந்து கிடக்கும், பிள்ளை தவழ்ந்து அதையெல்லாம் வாயில் வைக்கும். மருமகன் தெருவுக்கு இறங்கிப் பிடித்துவிட்டு, சேர்ட்டை மாற்றிப் பிள்ளையைத் தூக்கட்டும். குளிரில் ஐந்து மாடி இறங்க அலுப்பாக இருந்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். நிறுத்த விரும்பினால் அந்த நகரத்தில் 311க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். இதை மகள் சொன்னால் சண்டை வரும் என்றால் நீங்கள் சொல்லுங்கள், மாமி சொன்னால் மறுக்க மாட்டார்.

கேள்வி: வாடகைக்கு இருந்தவர் போன பிறகு பார்த்தால் சுவர், சீலிங் எல்லாம் மஞ்சள் பிடித்து நாற்றம். முற்பணத்தில் பெயின்ட் செலவைக் கழிக்கலாமா? (பாலையூற்று)

எத்தனை வருடம் இருந்தார் என்று எழுதவில்லை. வாடகைக்கு இருந்தவர் வீட்டை எடுத்த நிலையில் திருப்பித் தர வேண்டும், சாதாரணப் பாவிப்பால் வரும் தேய்மானம் நீங்கலாக. ஐந்தாறு வருடம் இருந்தவரென்றால் எப்படியும் நீங்கள் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டியிருந்திருக்கும், அதை முழுக்க அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஒரு வருடத்தில் புதுப் பெயின்டைப் புகையால் கெடுத்திருந்தால் கழிக்கலாம், ஆனால் கொடுக்கும்போது வீடு எப்படி இருந்தது என்பதற்குப் படம் வேண்டும், பெயின்டருடைய பில் வேண்டும், கழித்த கணக்கை எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நெருப்புச் சுட்ட தழும்பு தேய்மானம் இல்லை, அது பழுது, அதற்குத் தாராளமாகக் கேட்கலாம்.

அப்புறம், மஞ்சளுக்கு மேலே நேரே பெயின்ட் அடித்துவிடாதீர்கள், கொஞ்ச நாளில் கறை வெளியே வந்துவிடும், மாரியில் ஈரம் ஏறினால் நாற்றமும் வரும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் சீலிங்கிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி நன்றாகக் காயவிட்டு, கறையை அடைக்கும் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதற்கு மேல்தான் பெயின்ட். திரைச்சீலையை மாற்றிவிடுங்கள், அதைக் கழுவி மினக்கெட வேண்டாம்.